மைப்படியும் ஏரிக்காற்றும்

நான் பணி ஓய்வு பெற்ற முதல் கோடையில், பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நிகழ்ந்தது இது. வரலாற்றுப் பேராசிரியனாக இருந்த எனக்கு, அங்குள்ள கல்லெழுத்துகளைப் படியெடுத்து நூலாக்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். அதற்காக ஏரியோரம் ஒற்றை அறை வீடொன்றில் நானும் என் மனைவியும் வாடகைக்குத் தங்கியிருந்தோம்.

நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுப்பது மைப்படி. மிச்ச ஈரத்தோடு உரித்துக் கொண்டுவரும் தாள்கள் ஏரிக்காற்றில் படபடத்துக் கிழிந்துவிடும். ஆகவே இரவில் அவற்றை அறையில் பரப்பி, ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன்.

அந்த ஆண்டு அவளுக்கு மாதவிடாய் நின்றுகொண்டிருந்தது. உறக்கத்தின் நடுவே கழுத்திலிருந்து முகத்துக்கு வெப்பம் ஏற, ரவிக்கை நனைந்து எழுந்து உட்காருவாள். ஜன்னலைச் சற்றுத் திறக்கலாமா என்று ஓரிரு முறை கேட்டாள். இந்தத் தாள்கள் முடியட்டும் என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை. பகலில் என்னுடன் கல்லறைத் தோட்டத்துக்கு வரத் தொடங்கினாள். என் வேலையில் ஆர்வம் பிறந்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன்.

ஒருநாள் சென்னையிலிருந்து என் பழைய சக பேராசிரியர்கள் வருவதாக இருந்தது. அவளைத் தேடினால், மர நிழலில் தரையில் அமர்ந்தபடி, ஒரு கல்லறைப் பலகையில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பக் குனிந்தேன். எங்களுக்கு இறால் கொண்டுவரும் பக்கத்துவீட்டுப் பெண் கூடையோடு அருகில் நின்றிருந்தாள்.

“உடு சார், தூங்கட்டும். ராவெல்லாம் அக்கா வாசல்லதான் குந்தினு கெடக்குது. சார்கூட சண்டையானு கேட்டா, உள்ள தாளு காயுதுனு சிரிக்குது. தாளு காயறதுக்குப் பொண்டாட்டி வேவணுமா சார்?”

அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டு மனைவியை எழுப்பினேன். வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கடிந்துகொண்டேன்.

“இந்தக் கல்லு ஜில்லுனு இருக்குதுங்க. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?” என்றாள்.

அதற்குள் வாயிலில் வண்டி வந்து நின்றுவிட்டது. கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள். அவள் கன்னத்தில் கல்லின் எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. அவள் பகலில் இங்கே வந்தது என் வேலைக்காக அல்ல, தூக்கத்துக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் பொன்னேரியில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தோம். படுக்கும் அறையில் காற்று வேண்டும், மெல்லிய பருத்தி உடுத்த வேண்டும், பொழுது சாய்ந்தபின் காபி வேண்டாம் என்றார். காற்று வேண்டும் என்பதை அவள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அன்று முதல் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. சில தாள்கள் கிழிந்தன. அவள் மெல்ல மெல்லத் தூங்கப் பழகினாள்.

சென்ற ஆண்டு அவள் மறைந்துவிட்டாள். நூல் முன்பே வெளிவந்துவிட்டது. அந்தக் கல்லின் மைப்படி அதில் தெளிவாகவே பதிந்திருக்கிறது. ஆனால் அப்பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அவள் கேட்டதும் நான் கொடுக்காததுமே அதில் எனக்கு வாசிக்கக் கிடைக்கின்றன.