சீராக வந்த சாம்பல்

மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அனல்மின் நிலையச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக், பாதரசம் எல்லாம் இருக்கும், மண்ணில் இறங்கினால் எளிதில் போகாது, விளைகிற கீரையிலும் ஏறும் என்று அவள் ராகம் போட்டு ஒப்பித்தாள். நான் எழுந்துபோய், மடுகரையில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். நாற்பதைத் தாண்டியவன்.

"சாப்டியாடா?"

"பதினோரு மணிக்கு இன்னாத்த சாப்புடறது?" என்றான். நன்றாகத்தான் இருக்கிறான். எனக்குத்தான் போனை வைக்க மனம் வரவில்லை.

சின்ன வயதில் நாங்கள் பாகூரில் இருந்தோம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஒன்றரை. அம்மாவின் தம்பியான என் மாமா, வெளியூர் அனல்மின் நிலையம் ஒன்றில் சாம்பல் அள்ளும் வேலைக்குப் போயிருந்தார். அந்த வருஷம் அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தபோது, கரும்பு, மஞ்சளோடு நாலு சாக்குச் சாம்பலும் லாரியிலிருந்து இறங்கியது.

"அடுப்புல ஒரு பானதான் பொங்குது. அந்தச் சாம்பலுக்கே கத்திரி இம்மாம் காய்க்குது. இது ஊருக்கே கரண்டு குடுத்த சாம்பல்க்கா!"

அடுப்புச் சாம்பலைச் செடிக்குத் தூவிப் பழகிய எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மாமாவே கொல்லைப் பாத்தியில் கொட்டிக் கொத்தி, கீரை விதைத்துவிட்டுப் போனார்.

தம்பிக்கு மண் தின்னும் பழக்கம். ஒருநாள் வாயெல்லாம் சாம்பலாகப் பாத்தியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் ஓயாத வாந்தி. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பாத்தியைக் கிளறிப் பார்த்தாள். ஒரு மண்புழுகூட இல்லை.

மறுவாரம் லீவில் வந்த மாமாவிடம் அதைச் சொன்னாள்.

"புழு தங்காத மண்ண எம் புள்ள தின்னுது. எடுத்துர்றா."

"பொறந்த வூட்டு சீர வேணான்றியா?"

"சீர யார்றா வேணான்னா? இத எடுன்றேன்."

மாமா சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனார். அப்பா யார் பக்கமும் பேசாமல் கழனிக்குக் கிளம்பிவிட்டார். அம்மா தனியாக நின்று, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டிச் சாக்குகளில் கட்டினாள். கீரையும் போயிற்றே என்று நான் அழுதேன்.

சித்திரையில் ஏரி வற்றி, ஊரே வண்டல் அள்ளிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் வாசலில் மாட்டுவண்டி நின்றது. வண்டி நிறைய கறுப்பு வண்டல், மேலே மாமா.

"க்கா, இந்த சீராவது ஆவுமா?"

"எறங்குடா. மொதல்ல சாப்புடு."

சாக்குகளை, வந்த இடத்திலேயே போட்டுவிடுவதாக மாமா திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். ஆடி மழைக்குப் பிறகு அந்தப் பாத்தியில் கீரை மண்டியது. தம்பியும் தேறி, தெருவெல்லாம் ஓடினான்.

அம்மா அதோடு விடவில்லை. மாமா வரும்போதெல்லாம் அவர் துண்டை உதறிப் பார்ப்பாள், இருமலை எண்ணுவதுபோல உற்றுக் கேட்பாள், பிறகு சண்டை பிடிப்பாள். அடுத்த பொங்கலுக்குள் மாமா அந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஊரிலேயே கரும்பு வெட்டப் போனார். லீவுக்கு லீவு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்த மாமாவை அம்மா இப்படிக் கெடுத்துவிட்டாளே என்று, வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.