பிறவ் யோசப்பின் பத்தாம் வகுப்பு

ஜேர்மனியின் ரூர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் மெல்ல மெல்ல ஆள் குறைந்துகொண்டிருந்த ஒரு சிறு நகரத்தில் கொறற்றி வரலாறும் புவியியலும் படிப்பித்தாள். அவளுடைய பள்ளி ஒரு ஹவுப்ட்சூல. பத்தாம் வகுப்போடு முடித்துக்கொண்டு தொழில் பழகப் போகிற பிள்ளைகளுக்கானது. அங்கே படிக்கிறோம் என்று வெளியே சொல்லப் பிள்ளைகளே கூச்சப்படுவார்கள். அவளை அப்பாவின் பெயரால் 'பிறவ் யோசப்', அதாவது திருமதி யோசப், என்று அழைத்தார்கள். தொலைபேசியில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு நேரில் வருகிற பெற்றோர், கதவடியில் நிற்கிற கறுத்த, மெலிந்த பெண்ணிடமே, "ஆசிரியை எங்கே?" என்று கேட்பதுண்டு.

மன்னாரிலிருந்து, முன்பே வந்துவிட்ட அப்பாவிடம், அம்மாவோடு அவள் வந்தது எண்பத்தைந்தில், பதினொரு வயதில். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினுக்குள்ளால் ரயிலேறி மேற்குக்கு வந்தார்கள். யாரும் மறிக்கவில்லை. ஏன் மறிக்கவில்லை என்று அவள் கேட்க, "வாயை மூடிக்கொண்டு வா பிள்ளை" என்றாள் அம்மா. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பல்கலைக்கழகத்தில் வரலாறு எடுத்தேன் என்று கொறற்றி பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அவளுடைய ஒன்பதாம் வகுப்பில் செனாடா என்றொரு பிள்ளை இருந்தாள். கொசோவோவிலிருந்து வந்த, அங்கே சிறுபான்மையான றோமா இனக் குடும்பம். போர் முடிந்தபின் அயலவர்கள் அவர்களுடைய தெருவையே எரித்துவிட, ஆறு வயதில் அப்பாவின் தோளில் வந்தவள். அவர்களுக்கு இருந்தது டுல்டுங் மட்டும். இருக்க அனுமதி அல்ல அது; திருப்பி அனுப்புவதைத் தற்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்ற தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்ட முடியாது.

அது கொறற்றிக்குத் தெரியவந்தது வகுப்புச் சுற்றுலாவின்போதுதான். எல்லோரும் ஆம்ஸ்டர்டாம் போவதாக இருந்தது. செனாடா மட்டும் வயிற்றுவலி, அப்பாவுக்கு விருப்பமில்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னாள். கொறற்றி பயணத்தை அதே மாநிலத்திலிருந்த பான் நகரத்து அருங்காட்சியகத்துக்கு மாற்றினாள். மற்றப் பிள்ளைகள் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார்கள். லூக்காஸ் என்ற பையன் மட்டும், "என் வீடு அவளுடைய அகதி விடுதிக்கு எதிரேதான், எனக்கு அவர்கள் நிலைமை தெரியும். பான் என்றாலும் பரவாயில்லை" என்றான்.

அடுத்த பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொசோவோ தன்னைத் தனிநாடாக அறிவித்தது. திங்கள் காலை கொறற்றி உற்சாகமாக வகுப்புக்குள் நுழைந்தாள். பாடநூலில் இன்னும் அச்சாகாத வரலாறு! அட்லஸ்களைத் திறக்கச் சொல்லிப் புதிய எல்லையைப் பென்சிலால் வரையவைத்தாள். பிள்ளைகள் செனாடாவைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் சிரித்தாள். பாடம் முடிந்ததும் தனியாக வந்தாள்.

"அப்பா நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை, பிறவ் யோசப்."

"ஏன்?"

"யாருக்காவது நாடு கிடைத்தால் எங்களுக்கு இருக்கிற இடமும் போய்விடும் என்கிறார்."

அப்படி ஒன்றும் நடக்காது என்று கொறற்றி சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

ஒரு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. நாட்டைவிட்டு வெளியேறத் தயாராகும்படி குடும்பத்துக்கு அறிவிப்பு வந்தது. செனாடா அப்போது பத்தாம் வகுப்பு. பல் மருத்துவர் ஒருவர் தன்னிடம் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்ய வரலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வகுப்பில் இடம் கிடைத்தவர்கள் நாலைந்து பேர்தான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெர்மின், சந்திப்பு நேரம், எடுத்துக்கொண்டு கொறற்றி அவளோடும் அவளுடைய தகப்பன் றமிஸோடும் போனாள்.

அதிகாரி மரியாதையான மனிதர். கோப்பி வேண்டுமா என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"நீங்கள் புவியியல் ஆசிரியை. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்பு இவர்களை எங்கே அனுப்புவது என்பதே சிக்கலாக இருந்தது. இப்போது அங்கே ஒரு நாடு இருக்கிறது."

"இவர்களுக்கு அங்கே வீடில்லை. தெருவோடு எரித்துவிட்டார்கள்."

"அது தொண்ணூற்றொன்பதில், பிறவ் யோசப். அது வரலாறு."

அதுவரை தகப்பனுக்கு ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த செனாடா அந்த வசனத்தில் நிறுத்திவிட்டாள். றமிஸ் மகளின் முகத்தைப் பார்த்தார்.

கொறற்றி விடவில்லை. இப்படியான குடும்பங்களுக்கு விலக்குக் கேட்டு முறையிட மாநிலத்தில் ஒரு குழு இருந்தது. மனு எழுதுவதையே பத்தாம் வகுப்பின் பாடமாக்கினாள். பிள்ளைகள் சந்தைச் சதுக்கத்தில் மேசை போட்டுக் கையெழுத்துச் சேர்த்தார்கள். பள்ளியில் வாயே திறக்காதவர்கள்கூட முன்பின் தெரியாதவர்களை மறித்துப் பேசினார்கள். "எல்லோரும் சேர்ந்து கேட்டால் கேட்பார்கள்" என்று கொறற்றி அவர்களிடம் சொன்னாள். உள்ளூர்ப் பத்திரிகையில் படமும் வந்தது. குழு முறையீட்டை ஏற்கவில்லை.

மே மாதத்தில், இறுதித் தேர்வுகள் தொடங்கிய வாரத்தில், ஒரு காலை லூக்காஸ் பையைக்கூடக் கழற்றாமல் வகுப்பின் நடுவில் நின்றான்.

"செனாடாவின் விடுதிக்குப் பொலிஸ் வான் வந்தது. எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். செனாடா சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனாள்."

கொறற்றி தலைமையாசிரியரிடம் ஓடினாள். அவர் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். விமானம் மதியம் போகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். "பாடத்தை நடத்துங்கள். பிள்ளைகளுக்கு நாளைக்குக் கணிதத் தேர்வு."

அவள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் கணிதப் புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். இரைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எல்லோரும் கேட்டால் கேட்பார்கள் என்றீர்களே" என்றான் லூக்காஸ். கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்டுவிட்டுப் பொருளைத் திரும்ப வைக்கிறவனைப் போலச் சொன்னான்.

அன்று மாலை வீட்டில் அப்பா ரி.வி.க்கு முன்னால் இருந்தார். அம்மா இறந்தபின் அவர் அவளோடுதான். வன்னியிலிருந்து வந்த படங்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தை அவர் பல நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார்.

"ஏன் பிள்ளை முகம் வீங்கியிருக்கு? அழுதனியோ?"

சொன்னாள்.

"ஒரு குடும்பத்தைப் பிளேனில ஏத்தினதுக்கோ? இஞ்ச பார். எங்கட சனம் கடலுக்கும் ஷெல்லுக்கும் நடுவில கிடக்குது. நீ படிச்ச பிள்ளை. இதுக்கு என்ன எழுதினனீ? ஆரிட்டக் கையெழுத்துக் கேட்டனீ?"

"கேட்டால் மட்டும் என்ன நடக்கும் அப்பா?"

யோசப் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். அவள் போய் இருந்தாள். இரண்டு பேரும் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து, கடைசிப் பாடங்களில் ஒன்றில், ஒரு மாணவி கை உயர்த்தினாள். "உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாம். அதைப் பற்றிப் பேசலாமா?"

"அது பாடத்திட்டத்தில் இல்லை" என்றாள் கொறற்றி. சக ஆசிரியர்கள் அப்படிச் சொன்னால் அவளுக்கு எரிச்சல் வரும். அன்று அந்த வசனம் தானாக வந்தது, இலேசாகவும் இருந்தது.

செப்டெம்பரில் செனாடா ஒருமுறை தொலைபேசி எடுத்தாள். கொசோவோவின் தலைநகர் பிறிஷ்ரினாவுக்கு அண்மையில் உறவினர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் எல்லோரும் இருக்கிறார்களாம். பள்ளியில் அல்பேனிய மொழி; அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இரண்டு வாரம் போய்விட்டு நின்றுவிட்டாள். "இங்கே என்னை ஜேர்மன்காரி என்கிறார்கள், பிறவ் யோசப்" என்று சிரித்தாள். பல் மருத்துவர் தனக்கென்று வைத்திருந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாரா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று கொறற்றி சொன்னாள். ஆனால் அந்த வேலைக்கு ஓகஸ்ட் மாதமே வேறொரு பிள்ளை வந்துவிட்டிருந்தது. அடுத்த தடவை கொறற்றி எடுத்தபோது இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது. மற்ற வழிகளிலும் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

போதிய பிள்ளைகள் சேராததால் அவளுடைய பள்ளியையும் மூடத் தீர்மானித்தார்கள். மாற்றலாகிப் போன இடத்தில், தனக்கு ஐந்தாம் ஆறாம் வகுப்புகளின் புவியியல் போதும் என்று கேட்டாள். மேகம், ஆறு, எரிமலை.

"வரலாற்றுக்கு ஆள் இல்லையே" என்றார் புதிய தலைமையாசிரியர். "பத்தாம் வகுப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும்."

எடுத்தாள். பாடநூலில் உள்ளதைப் பக்கம் பிசகாமல் நடத்தினாள். புள்ளிகள் முன்பைவிட நன்றாக வந்தன. பெற்றோர் யாரும் குறை சொல்லவில்லை. மணி அடித்ததும் வகுப்பிலிருந்து முதலில் வெளியே போகிறவள் அவள்தான்.