மௌனப் படத்துக்கு மூன்று ரிக்கற்

எனக்கு ஒரு இயக்குநர் மேல் பைத்தியம். ஹொலிவூட் வாய் திறந்து பேசுவதற்கு முந்தைய காலத்து ஆள். சிரிப்புப் படமும் எடுத்தார், அழுகைப் படமும் எடுத்தார். இரண்டிலும் அதே வீடு, அதே கதவு, அநேகமாக அதே நடிகர்கள்! சிரிப்புப் படத்தில் கதவு யாருடைய மூக்கிலாவது அடிக்கும். அழுகைப் படத்தில் அதே கதவை ஒருத்தி மெல்லச் சாத்துவாள், நமக்கு நெஞ்சு அடைக்கும். இதைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவேன். ஒருவரும் கேட்பதில்லை.

அவருடைய இரண்டு படங்களை, ஒருவர் பக்கத்திலிருந்து பியானோ வாசிக்க, டவுன்ரவுணில் ஒரு பழைய தியேட்டரில் காட்டப்போகிறார்கள் என்று அறிந்ததும் துள்ளிக் குதித்தேன். எனக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்குமாக மூன்று ரிக்கற் எடுத்தேன்.

படத்துக்குப் போன அன்று அவர்கள் இருவரும் பேசாமல் விட்டுப் பதினொரு நாள். அப்பாவுக்கு, பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் தள்ளி, பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலை. சென் ஜேம்ஸ் ரவுணில் நான் பிறந்ததிலிருந்து நாங்கள் இருக்கும் அப்பார்ட்மென்ரை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போவதென்று தனியே முடிவெடுத்து, வீடு பார்த்து, கையெழுத்தும் வைத்துவிட்டு வந்துதான் அம்மாவுக்குச் சொன்னார்.

"அப்பாட்டச் சொல்லு, அவர் போகட்டும். நான் இஞ்சதான் இருப்பன்," என்றார் அம்மா. அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"அம்மாட்டச் சொல்லு, எல்லாம் அவவுக்காகத்தான்."

எங்கள் வீடுகளில் கோபம் என்றால் இதுதான் நடைமுறை. நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தாறு வயது, அலுத்துவிட்டது. ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான். மாதம் முடிய அப்பா தனியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

தியேட்டரில் வேண்டுமென்றே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டு, நான் பின்வரிசையில் போய் இருந்தேன்.

முதலில் சிரிப்புப் படம். ஒருவன் ஐந்து தட்டுக் கல்யாணக் கேக்கை ஸ்ரீற்காரில், தெருத் தண்டவாளத்தில் ஓடும் வண்டியில், கொண்டுபோகிறான். ஐயோ, அந்தக் கேக்! ஒவ்வொரு வளைவிலும் ஒரு தட்டுப் போகிறது, தியேட்டரே அதிர்கிறது. அப்பா தொடையில் அடித்துச் சிரித்தார். அம்மாவுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. ஆனாலும் வேறு வேறு பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி நேரே பார்த்தபடிதான் சிரித்தார்கள்.

அடுத்தது அழுகைப் படம். தொடங்கி ஐந்து நிமிடத்தில் திரை நிறைய ஒரு கடிதம், கூட்டெழுத்து ஆங்கிலத்தில். அச்செழுத்தென்றால் அம்மா மெல்ல வாசித்துவிடுவார், இது முடியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவையே கேட்கட்டும் என்று நான் சட்டென்று குனிந்து சப்பாத்து நாடாவைப் பிடித்துக்கொண்டேன். குனிந்த பிறகுதான் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. நாலு தரம் பார்த்த படம், எப்படி மறந்தேன்! சத்தியமாக நான் திட்டம் போட்டுக் கூட்டிப்போகவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றார் அம்மா. "என்னவாம் எழுதிக் கிடக்கு?"

பதினொரு நாளுக்குப் பிறகு! எழும்பி நின்று கத்தவேண்டும் போலிருந்தது.

மெஷின்களுக்குள் வேலைசெய்யும் அப்பாவுக்குக் குரலைத் தணித்துப் பேச வராது. "புருசன்காரன் வேற ஊரில வேலை எடுத்திட்டானாம். வீடும் பாத்திட்டானாம். அவளை வெளிக்கிட்டு வரட்டாம்."

"அவளிட்டக் கேட்டவனோ?"

திரையில் அவள் கடிதத்தைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை. கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும். பிழைதான்," என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி "ஷ்ஷ்" என்றார். அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா முன்வரிசைக்காரரைத் தாடையால் காட்டி, அப்பாவின் கையில் தட்டினார்.

"உவர் கிடக்கட்டும், நீங்கள் சொல்லுங்கோ. இனி அவன் என்ன செய்யப்போறானாம்?"

"தெரியேல்லையப்பா," என்றார் அப்பா. "இருந்து பாப்பம்."

மிச்சப் படத்தை நான் பார்க்கவே இல்லை. அவர்கள் இருவரின் பிடரிகளையும் பார்த்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன்.