பன்னிரண்டாவது குரல்செய்தி

கல்லூரி அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கிட்டார் சட்டென்று நின்றது. ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் வந்தது. “அம்மணி, போனை எடு சாமி.” அரங்கம் சிரித்தது. இரண்டாம் முறை அதே வரி வந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் என் மகள்.

அது அவளுடைய ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் கடைசிப் பாட்டு. சரவணம்பட்டியில் வாடகை வீடு ஒன்றின் படுக்கையறைச் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்துவைத்து, நான்கு பேர் எட்டு மாதம் பதிவு செய்தார்கள். நான் காங்கேயத்து வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுபோனால் உள்ளே விடமாட்டார்கள். மின்விசிறிச் சத்தம்கூட விழக்கூடாதென்று வேர்வையில் வாசிப்பார்கள். ஒரே வரியை முப்பது தடவை பாடிவிட்டு, முதல் தடவைதான் நன்றாக இருந்தது என்பாள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று, அவள் குரலில் களைப்பா, அழுகையா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விடுதி அறைக்குள் அவள் அடைந்துகிடந்த நாட்களில், ஒரு பகல் முழுக்கப் போனை எடுக்கவில்லை. தேங்காயை உடைத்துக் காயவைக்கும் என் கொப்பரைக் களத்தில் நின்று குரல்செய்திகளாக அனுப்பிக்கொண்டிருந்தேன். மழை இறங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. காய்ந்திருந்த கொப்பரை முழுக்க நனைந்துபோனது. சாயங்காலம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்தாள். வந்து காரில் ஏறிக்கொண்டாள். அன்றும், அதன் பிறகும் நாங்கள் அதைப் பேசவில்லை. அந்தச் செய்திகளைத்தான் பாட்டில் வைத்திருந்தாள்.

ஆல்பம் வெளியான வாரம் களத்தில் ஒரே கொண்டாட்டம். என் குரலுக்குப் பின்னால் “மழ வந்துபோச்சுங்க, படுதாவ இழுங்க!” என்று கேட்பது தன் சத்தம்தான் என்று, அங்கே கூலிக்கு வரும் ஓர் அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் போட்டுக் காட்டினார். என் மனைவியின் அண்ணன் வேறு மாதிரி பேசினார். “ஏனுங்க மாப்ள, உங்க பொலம்பல ஊரே கேக்குதுங்களே. பொண்ணு பாக்க வாரவங்க கேட்டா என்னன்னு சொல்றதுங்க?”

பாட்டை எடுத்துவிடச் சொல்லலாம் என்றுதான் அடுத்த ஞாயிறு சரவணம்பட்டிக்குப் போனேன். டிரம்ஸ் வாசிக்கும் அன்னூர்ப் பையன், “வாங்கப்பா, எங்கள விட உங்களுக்குத்தான் கைதட்டு அதிகம்” என்று சிரித்துவிட்டு டீ வாங்கப் போனான். நான் ஆரம்பிப்பதற்குள் அவள் சொன்னாள்:

“அன்னைக்குப் போனைக் கையில வெச்சுட்டேதானுங்கப்பா உக்காந்திருந்தேன். எடுக்க முடியல. ஒவ்வொண்ணா கேட்டேன். அடுத்தது வரட்டும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.”

எதைத் தள்ளிப்போட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. கொண்டுபோன பேச்சு எனக்குள்ளேயே செத்துவிட்டது.

“மொத்தம் பன்னெண்டு. கடைசி ஒண்ண அழிச்சுப்போட்டீங்க. அதுல என்னங்கப்பா சொன்னீங்க?”

அதில் நான் சொன்னது இதுதான்: நீ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பயம் முற்றிக் கோபமாகி வந்த சொல். ஒரு நிமிடத்துக்குள் அழித்தேன். அந்த ஒரு நிமிடமும் போன் அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

“மழ விட்டுப்போச்சு, கெளம்பி வாரேன்னு சொன்னேன் சாமி.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெத்தைகளுக்கு நடுவே என்னை உட்காரவைத்து மைக்கை வாயருகே இழுத்தாள். மேடையில் வாசிக்கும்போது பாட்டில் அந்தக் கடைசிச் செய்தி வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதாம். மின்விசிறியை நிறுத்தினாள். பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“மழ விட்டுப்போச்சு அம்மணி. அப்பா கெளம்பி வாரேன்.”

இரண்டாம் தடவை அவள் சொல்லச் சொல்லவில்லை.

“அன்னைக்கும் இப்படியேதான் சொன்னீங்களாப்பா?”

தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. விளக்கை அவள் இன்னும் அணைத்திருக்கவில்லை.