குக்கர் பக்கம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு பெட்டிக்கடை. முன்னால கயிறு கட்டி மாச நாவல்களைக் கிளிப் போட்டுத் தொங்க விட்டிருப்பேன். எல்லாரும் போனைப் பாக்கற காலம். இருந்தாலும் இது ஓடுது. அட்டையில எப்பவும் ஒரு பொண்ணு. நனைஞ்ச சேலை. கழுத்துக்கிட்ட ஒருத்தன் மூக்கு. காத்தடிச்சா எல்லாரும் ஆடுவாங்க.

ஆம்பளைங்க நின்னு பாப்பாங்க, வாங்க மாட்டாங்க. பொம்பளைங்க படத்தைப் பாக்காமலே வெரல் நீட்டி வாங்குவாங்க. உடனே பைக்குள்ள, முட்டைக்கோசுக்கு அடியில.

கரடியூர்ப் பக்கம் எஸ்டேட்ல வேலை செய்யற ஒரு அம்மணி மாசம் தவறாம வாங்கும். ஒருநாள் வெறுங்கையோட நின்னுச்சு.

"புக்கு வேண்டாமுங்க பாய். ஊட்டுக்காரரு அட்டையப் பாத்துட்டாரு. இந்தக் கருமம் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங்கறாரு."

"உள்ள அப்படி என்ன இருக்குது அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க. மாமியாக்காரி சண்டை. மருமக கெளம்பிப் பஸ்ல ஏறிட்டா. அதோட மொதப் பாகம் முடிஞ்சுபோச்சு. எங்க எறங்குனாளோ. காப்பிப் பழம் பறிக்கறப்பகூட அதே நெனப்பு."

அது போயிருச்சு. எனக்கு இருப்புக் கொள்ளலை. கதைப் புத்தகம் படிச்சதில்லை நான், எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனா பஸ் வந்து நின்னா, எறங்கற பொம்பளைங்களையே பாத்துக்கிட்டிருந்தேன்.

ரெண்டாம் பாகம் வந்துது. அம்மணி ரோட்டுக்கு அந்தப் பக்கமாவே போச்சு. திரும்பலை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்ட்டு வந்தேன். கடையில என் வீட்டுக்காரி. புத்தகமெல்லாம் முதுகைக் காட்டித் தொங்குது. பின்னட்டை பூரா குக்கர் விளம்பரம்.

"ஏனுங்க, இவளுங்களுக்கு நடுவுல நான் எப்படி உக்கார்றது?"

"குக்கர் கடைன்னு நெனைப்பாங்க புள்ள."

"நெனைக்கட்டும். அதுக்கு மூடியாச்சும் இருக்குது."

அப்படியே விட்டுட்டேன். மறுநாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போன அம்மணி குக்கரையே பாத்துக்கிட்டுப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு அந்த அம்மணியோட வீட்டுக்காரர் வந்தார்.

"குக்கர் படம் போட்ட புக்கு ஒண்ணு குடுங்க பாய். சமையல் புக்காமா, வாங்கியாரச் சொல்லுச்சு."

ரெண்டாம் பாகத்தை எடுத்துக் குடுத்தேன். திருப்பிட்டார். பாத்தார். நொம்ப நேரம் பாத்தார். நான் பிஸ்கட் டப்பாவைத் தொறந்து தொறந்து மூடினேன்.

"சமையல்தானுங்களா?"

"சமையலும் வருமுங்க."

குக்கர் பக்கம் வெளிய தெரியற மாதிரி சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போயிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனாரா, வழியில வீசினாரா, தெரியலை. அந்த வாரம் பூரா ரோட்டையே பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை அம்மணி வந்துச்சு.

"கெடச்சுதா?"

"கெடச்சுதுங்க. அட்டைய அவரு கிழிச்சு வெச்சுக்கிட்டாரு. எங்கன்னு கேக்கலீங்க. கதைய நான் வெச்சுக்கிட்டேன்."

"அவ எங்க எறங்குனா?"

"எறங்கவே இல்லீங்க பாய். அதே பஸ்லயே திரும்பிட்டா."

சேலம் பஸ் கெளம்பறதுக்கு உறுமிக்கிட்டு நின்னுது. அம்மணி அதையே பாத்துச்சு.

"நானா இருந்தா எறங்கியிருப்பேன்."