மாலையோடு மக்ரூன் கடைக்கு

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அதை விட்டுவிட்டு மக்ரூன் போடும் பேக்கரியில் சேர எனக்கு ஆசை. முட்டை வெள்ளையை நுரைக்க அடிக்கிற சுகத்துக்கு முன்னால் அந்த ஆபீஸ் நாற்காலி எந்த மூலைக்கு? ஆனாலும் மேனேஜரிடம் போய், "வேலைய விடுதேன் சார்" என்று சொல்லத் தைரியம் வர மாசக்கணக்கானது.

எங்கள் ஊரில் துறைமுக வேலையை விட்டவன் கப்பலேறத்தான் போகிறான் என்று அர்த்தம். வேறு காரணத்தை ஒருவரும் கேட்பதில்லை.

"எந்தக் கப்பல்லே?" என்றார் மேனேஜர். நான் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. துபாயிலிருக்கும் தன் மச்சானிடம் கொடுக்கச் சொல்லி, பியூன் அண்ணாச்சி ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். இருந்த தைரியமெல்லாம் வேலையை விட்டதிலேயே தீர்ந்துபோயிருந்தது. மாலையும் கருவாடுமாக நேரே பேக்கரிக்குப் போனேன். முதலாளி கருவாட்டை மட்டும் வெளியே வைக்கச் சொன்னார்.

மறுவாரம் மேனேஜர் மக்ரூன் வாங்க வந்தார். முழங்கை வரை நுரையோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, எப்பம்லே வந்த? திரும்ப எப்பம் போற?"

"இனிமே போகல, சார்."

என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "கப்பல் வேலைய விடுததுக்கெல்லாம் தனித் தைரியம் வேணும்லே!"