இருட்டு வாசலுக்கு எட்டு விநாடி

படம்பிடிக்கும் ஸ்டூடியோ ஜவுபர் கல்முனையில் யாருக்கும் கெட்டது நினைக்காத மனிதர் என்பார்கள். பொய். அப்துல் ஹமீட் ஹாஜியாருக்கு மட்டும் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தெட்டாம் வருடம் ஹாஜியாரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். உச்சி வெயிலில், பந்தல் ஓரத்தில் மாப்பிள்ளையை நிறுத்தி ஜவுபர் எடுத்த படங்களில் வெள்ளை உடுப்பு மட்டும் பளிச்சென்று விழுந்தது. நிழலில் இருந்த முகம் விழவில்லை. ஹாஜியார் கல்யாண அல்பத்தைச் சந்தைத் தெருவில் வீசினார்.

"மாப்புளட மூஞ்சக் கரிச்சட்டியாக்கிட்டான்! இருட்டுல கண் தெரியாத கமராடா உன்ட கமரா!"

சந்தையே சிரித்தது. அதன்பின் கல்யாண வீடுகளுக்கு ஜவுபரை யாரும் கூப்பிடவில்லை. அடையாள அட்டைப் படம் எடுத்தே வயிற்றைக் கழுவினார்.

வஞ்சம் அவரைத் தூங்கவும் விடவில்லை, சும்மா இருக்கவும் விடவில்லை. கண்ணுக்கு வெயிலும் நிழலும் ஒன்றாகத் தெரியும்போது படத்தில் மட்டும் ஏன் விழாது? கடற்கரையில், தோணிக் கொட்டிலுக்கு முன்னால் கமராவை முக்காலியில் பூட்டினார். சுடுமணலுக்கு ஒரு படம், லென்ஸ் திறந்திருந்தது கண்சிமிட்டும் நேரம். கமராவை அசைக்காமல் கொட்டிலின் உள்ளிருட்டுக்கு இன்னொன்று, எட்டு விநாடி. பிறகு இருட்டறையில், வாசல் அளவுக்கு அட்டை வெட்டி மறைத்து, இரண்டு நெகட்டிவையும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிட்டார். எத்தனையோ தாள் பாழானது. ஒருநாள் மணலும் தெரிந்தது, கொட்டிலுக்குள் தொங்கிய வலையும் தெரிந்தது. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

எண்பத்துநாலில் ஹாஜியாரே தேடி வந்தார். இளைய மகள் மைமூனாவுக்குப் பேசிய மாப்பிள்ளை, சீதனமாகத் தரவிருந்த வீட்டின் படம் கேட்டு சவூதியிலிருந்து கடிதம் போட்டிருந்தார்.

"முன்பக்கம் நிண்டு, வாசலோட ஒரு படம் எடு. போதும்."

போய்ப் பார்த்தால், வீட்டின் வெளிச்சுவர் சுண்ணாம்பில் ஜொலித்தது. உள்ளே சுவர் பூசவில்லை. தரை வெறும் மணல். குருட்டுக் கமராவில் உள்பக்கம் விழாது என்று நம்பித்தான் இந்த மனிதர் தன்னிடம் வந்திருக்கிறார் என்பது ஜவுபருக்கு விளங்கியது. மனசுக்குள் இனித்தது.

இரண்டு நாளில் படத்தை நீட்டினார். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. திறந்த வாசலுக்குள் செங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது, மணலில் கிடந்த ஆட்டுப் புழுக்கை உட்பட.

ஹாஜியார் படத்தில் விரலை வைத்தார். "தம்பி ஜவுபர், அந்த வாசல மட்டும் கறுப்பாக்கித் தாங்களேன்."

"கறுப்பாக்கினதுக்குத்தானே ஹாஜியார் அண்டைக்குச் சந்தைல வெச்சி ஏசினீங்க? இது என்ட கடைக் கண்ணாடில தொங்கும். மாப்புளட உம்மாவும் சந்தைக்கு வாறவதானே. உள்ளுக்குப் பூசி முடிங்க, அப்ப கழட்டுறன்."

மறுநாள் விடிந்ததும் ஹாஜியாரின் சீதன வீட்டுக்குச் சுவர் பூச மேசன்மார் போனார்கள். ஜவுபர் கடைவாசலில் கதிரையைப் போட்டு, வண்டியில் போன சீமெந்துப் பைகளைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார்.